நீர்க்கடுப்பின் பிறந்தகம்

(பெண்கள் உடல்நலம் குறித்த ஒரு பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய பொருளைப் பற்றி வீடுகளில் பேசும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும். பாட்டி அதை நீர்க்கடுப்பு என்பார். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பார் அம்மா. கல்லூரிக்குப் போகும் மகள் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்பாள். மூவரும் சொல்வது பெரும்பாலும் ஒரே தொல்லையைத்தான். அடிக்கடி முட்டிக்கொண்டு வரும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் போகும், போகும்போது எரியும், திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி போகவேண்டும் போலிருக்கும். பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 40 கோடிச் சிறுநீர்த் தொற்றுகள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இவ்வளவு பரவலான நோயைப் பெண்கள் ஏன் மறைக்கிறார்கள்? சுத்தமாக இல்லாதவளுக்குத்தான் இது வரும் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வருகிறது.

அது உண்மையல்ல. இந்த நோய் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் உண்மையல்ல என்பதும் விளங்கிவிடும்.

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் சியாட்டில் நகரம் இருக்கிறது. அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எவ்கெனி சொகுரென்கோ, வெரோனிகா செஸ்னகோவா ஆகியோரின் குழு பெண்களிடம் ஓர் உதவி கேட்டது. கேட்டது பணமோ இரத்தமோ அல்ல, கொஞ்சம் மலம். 1,031 மாதிரிகள் சேர்ந்தன. கொடுத்தவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர். சிறுநீர்த் தொற்றின் அறிகுறி எதுவும் அவர்களுக்கு இல்லை, அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களும் இல்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போய் வீடு திரும்பும் நலமான பெண்கள்.

2020இல் முடிவுகள் அச்சாயின. அந்தப் பெண்களில் 8.8 சதவீதம் பேரின் குடலில், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மசியாத ஈ.கோலை பாக்டீரியா குடியிருந்தது. பதினோரு பெண்களுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கிடைத்த பாக்டீரியாக்களை வம்சாவளி பார்த்துப் பிரித்தபோது, பெரும்பாலானவை இரண்டே இரண்டு குலங்களைச் சேர்ந்தவையாக இருந்தன. ஆய்வுக்கூடங்களில் அவற்றுக்கு எஸ்டி 131-எச்30, எஸ்டி 1193 என்று பெயர். இரண்டுமே உலகெங்கும் மருத்துவமனைகளில் கடுமையான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணமாகப் பதிவானவை. நோயாளியின் படுக்கையருகே பிடிபட வேண்டிய ஆசாமி, நோயே இல்லாதவரின் வயிற்றுக்குள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

குழு அதோடு விடவில்லை. சில காலம் கழித்து அதே பெண்களிடம் மறுபடி மாதிரி வாங்கியது, இந்த முறை சிறுநீரும் சேர்த்து. மற்ற வகை ஈ.கோலைகள் வந்து போய்க்கொண்டிருக்க, இந்த இரண்டு குலங்களும் குடலில் நீண்ட நாள் நிலைத்திருந்தன. சிறுநீரிலும் அவை கூடுதலாகத் தென்பட்டன. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே சிறுநீர்ப்பை வரை அவை போய் வந்துகொண்டிருந்தன. சிறுநீர்த் தொற்று பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் நோய் வந்த பிறகே தொடங்கி வந்திருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே கிடங்கைத் திறந்து பார்த்தது என்பதால்தான் இந்த ஆய்வு இவ்வளவு முக்கியமாகிறது.

கிடங்கு குடல்தான் என்ற செய்தி புதிதன்று. 1885இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். நலமான குழந்தையின் குடலில் என்ன வாழ்கிறது என்று தெரிந்தால்தான் வயிற்றுப்போக்கில் இறக்கும் குழந்தையின் குடலில் என்ன மாறியது என்று சொல்லமுடியும் என்பது அவருடைய எண்ணம். அப்படித் தேடியபோது கிடைத்த குச்சி வடிவ பாக்டீரியாவுக்கு, பெருங்குடலில் பொதுவாகக் காணப்படுவது என்ற பொருளில் பாக்டீரியம் கோலை கம்யூனே என்று பெயரிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1894இல், சிறுநீர்ப்பை அழற்சியோடு வந்த சிறுமிகளின் சிறுநீரில் அதே பாக்டீரியாவைக் கண்டு எழுதியவரும் அவரே. நலமான குடலில் அதை முதலில் பார்த்த கண்களே நோயுற்ற சிறுநீர்ப்பையிலும் அதைப் பார்த்தன.

எஷெரிக்கின் பெயர் அந்த பாக்டீரியாவுக்கு வந்த வழியில் நமக்குப் பக்கத்து ஊர் ஒன்று இருக்கிறது. 1919இல் வெளியான வெப்பமண்டல மருத்துவக் கையேட்டின் பதிப்பில் எஷெரிக்கியா என்ற பேரினப் பெயரைச் சூட்டியவர்கள் ஆல்டோ காஸ்டெல்லானி, ஆல்பர்ட் சால்மர்ஸ் என்ற இருவர். இருவருமே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பணியாற்றியவர்கள். இன்று உலகம் முழுவதும் லேப் ரிப்போர்ட்டில் அச்சாகிற எஷெரிக்கியா கோலை என்ற பெயர் அவர்கள் கையால் எழுதப்பட்டது.

சரி, அந்த ஈ.கோலை கெட்டதா? நம் பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களில் அது நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. கொஞ்சம் வைட்டமின் கே தயாரித்துக் கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கிறது. பிறந்த சில நாட்களுக்குள் நம்மோடு சேர்ந்து சாகும்வரை உடனிருக்கிறது. குடலுக்குள் இருக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. பெண்ணின் உடலில் ஆசனவாய்க்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. அங்கிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயின் நீளமோ சுமார் 4 சென்டிமீட்டர்தான், இரண்டு விரற்கடை. ஆணுக்கு அது 20 சென்டிமீட்டர் வரை. எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உடலின் அமைப்பை யாராலும் மாற்றமுடியாது. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஈ.கோலையால் வருபவை.

ஆனால் எல்லாப் பெண்களின் குடலிலும் ஈ.கோலை இருக்க, சிலருக்கு மட்டும் ஏன் தொற்று? இந்தக் கேள்வியில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இரு கட்சியாக நின்றார்கள். குடலில் எது அதிகமாக இருக்கிறதோ அதுதான் சிறுநீர்ப்பைக்கும் போகிறது, எல்லாம் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றது ஒரு கட்சி. அப்படியில்லை, சிறுநீர்ப்பையைத் தாக்குவதற்கென்றே தனித்திறமை பெற்ற வகைகள் உண்டு, அவைதான் போகின்றன என்றது மற்றது.

இரண்டாவது கட்சிக்கு வலுச் சேர்த்த சான்று ஸ்வீடனின் கோதன்பர்க் நகரிலிருந்து வந்தது. 1976இல் கேதரினா ஸ்வான்போர்க் எடனும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சிறுநீர்ப் பாதையின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்களை எடுத்து, பல நோயாளிகளிடம் கிடைத்த ஈ.கோலைகளோடு கலந்து, ஒவ்வொரு செல்லிலும் எத்தனை ஒட்டிக்கொள்கின்றன என்று எண்ணினார்கள். சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சலை உண்டாக்கியவை நன்றாக ஒட்டின. அறிகுறியே இல்லாதவர்களின் சிறுநீரில் கிடைத்தவை சரியாக ஒட்டவில்லை. சிறுநீர் ஓர் ஓடும் ஆறு. கரையைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதது அடித்துச் செல்லப்படும்.

பிடித்துக்கொள்ளும் கை எப்படிப்பட்டது என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. பாக்டீரியாவின் உடலெங்கும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் ஃபிம்எச் என்ற புரதம். அது மேனோஸ் என்ற சர்க்கரையைத் தேடிப் பற்றிக்கொள்ளும். சிறுநீர்ப்பையின் உட்சுவர் முழுக்க அந்தச் சர்க்கரை பூசிய புரதங்கள். 2003இல் எலிகளில் அவர்கள் கண்டது இன்னும் கவலை தரும் செய்தி. ஒட்டிய பாக்டீரியா செல்லுக்குள் புகுந்து, அங்கே கூட்டமாகப் பெருகுகிறது. உள்ளே இருப்பதை மருந்தும் எளிதில் எட்டுவதில்லை, நோய் எதிர்ப்பு செல்களும் எட்டுவதில்லை. 2007இல், தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் இத்தகைய கூட்டங்களின் அடையாளம் கிடைத்தது. மருந்து முடிந்து பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது என்று சொல்லும் பெண்ணை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று அதட்டுவதற்கு முன் நினைத்துப் பார்க்கவேண்டிய செய்தி இது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த இழைகள் சிறுநீர்ப்பையைத் தாக்குவதற்காகப் படைக்கப்பட்ட ஆயுதங்களா? குடலில் நலமாக வாழும் ஈ.கோலைகளிடமும் ஃபிம்எச் இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்த இடத்தில் இரும்பைத் திரட்டும் திறன், அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களோடு போட்டியிடும் திறன் ஆகியவையும் குடலில் பிழைப்பதற்கு உதவுபவை. அதே திறன்கள் சிறுநீர்ப்பையில் வேறு வேலை செய்கின்றன.

இதற்கு ஆல்ஃபிரெட் நிஸ்லேயின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. முதல் உலகப் போர்க்காலத்தில், வயிற்றுப்போக்கு பலரை வீழ்த்திய ஓரிடத்தில், பாதிக்கப்படாத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து 1917இல் இந்த ஜெர்மன் மருத்துவர் ஓர் ஈ.கோலையைப் பிரித்தெடுத்தார். அதன் பெயரே நிஸ்லே 1917. குடல் நோய்களுக்கு மருந்தாக, முட்டாஃப்ளோர் என்ற பெயரில், அது ஜெர்மனியில் இன்றும் விற்கப்படுகிறது. அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது நெருங்கிய உறவாகத் தெரிந்தது சிஎஃப்டி073. இது சிறுநீரகத் தொற்று முற்றி இரத்தம் வரை பரவிய ஒரு பெண்ணிடம் எடுக்கப்பட்டது. ஒரு குடும்பத்தில் பிறந்தவற்றில் ஒன்று மருந்துப் புட்டிக்குள்ளும் மற்றது நோயாளியின் இரத்தத்திலும் இருந்தன.

உறவு நெருக்கமில்லாத ஈ.கோலைகளோ ஒன்றுக்கொன்று வெகுதூரம். சிஎஃப்டி073இன் மரபணுத் தொகுதி 2002இல் வெளியானது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் சாதுவான கே-12, உணவு நச்சுக்குப் பேர்போன ஓ157 வகை, சிஎஃப்டி073 ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால், மொத்தப் புரதங்களில் மூன்றுக்கும் பொதுவானவை 39.2 சதவீதம்தான். ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற ஒரே பெயர் இருந்தாலும், அந்தப் பெயருக்குள் ஓர் ஊரே இருக்கிறது.

ஆகவே இரண்டு கட்சிகள் சொன்னதிலும் உண்மை உண்டு. எண்ணிக்கையின் பங்குக்கு நியூயார்க்கிலிருந்து நல்ல சான்று வந்தது. வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற 168 பேரின் மல மாதிரிகளைப் பார்த்து 2019இல் எழுதினார்கள். குடல் நுண்ணுயிர்களில் ஈ.கோலையின் பங்கு ஒரு சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குச் சிறுநீரில் அது தோன்றும் வாய்ப்பு கூடியது. அவர்கள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், நலமானவர்களுக்கு இதை அப்படியே பொருத்தமுடியாது. ஆனாலும் குடலில் கூட்டம் கூடினால் வெளியே வழியும் என்ற எளிய கணக்கு அங்கே தெரிந்தது.

நலமான பெண்களைப் பற்றிய கேள்விக்கு 2022இல் பாஸ்டன் பகுதியின் பிராட் நிறுவனமும் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பதில் கொடுத்தன. 31 பெண்களை ஓராண்டு தொடர்ந்தார்கள். ஒரு பாதிக்கு அடிக்கடி தொற்று வந்த வரலாறு, மறு பாதிக்கு அப்படி இல்லை. மாதந்தோறும் மல மாதிரி அஞ்சலில் வந்தது. எதிர்பாராத செய்தி என்னவென்றால், குடலிலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஈ.கோலை போய்ச் சேருவது இரு பிரிவிலும் நடந்தது. தொற்று வராத பெண்களிடமும் நடந்தது. வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது. அடிக்கடி தொற்று வந்தவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைவு. குறிப்பாக, அழற்சியைத் தணிக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தைத் தயாரிக்கும் வகைகள் குறைந்திருந்தன. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் போக்கிலும் மாற்றம் தெரிந்தது. இன்னொன்று, ஆன்டிபயாடிக் சிறுநீர்ப்பையைச் சுத்தம் செய்தது, குடலில் இருந்த மூலத்தை அகற்றவில்லை. ஓடையைத் தூர்வாரியாயிற்று, ஊற்று அப்படியே இருந்தது.

ஈ.கோலை சிறுநீர்ப்பைக்குப் போனாலே நோய் என்று ஆகாது என்பதற்கு, கோதன்பர்க்கில் ஒரு சிறுமியிடம் கிடைத்த பாக்டீரியா மறக்கமுடியாத சான்று. மூன்று ஆண்டுகள் அவளுடைய சிறுநீரில் ஒரே ஈ.கோலை இருந்தது. அவளுக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. 83972 என்று எண்ணிட்டு அதை எடுத்து வைத்தார்கள். பின்னர் ஸ்வீடனின் லுண்ட் நகர மருத்துவர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் அடிக்கடி தொற்றுக்கு ஆளானவர்களின் சிறுநீர்ப்பைக்குள் அந்த பாக்டீரியாவை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார்கள். அது தங்கியிருந்தவரை அவர்களுக்குத் தொற்று வருவது தள்ளிப்போனது. அந்தச் சிறுமியின் பாக்டீரியா அவர்களுக்குக் காவலாளாக நின்றது.

சிறுநீர் கிருமியே இல்லாத நீர் என்று பல காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1956இல் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தால்தான் தொற்று என்ற எல்லையை வகுத்தார், அதுவே பல்லாண்டு சட்டமாக இருந்தது. 1982இல் சியாட்டிலின் வால்டர் ஸ்டாம், எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு நூறு இருந்தாலே பொருட்படுத்தவேண்டும் என்று காட்டினார். 2012க்குப் பிறகு சிகாகோ அருகே லயோலா பல்கலைக்கழகத்தின் ஆலன் வுல்ஃப், லிண்டா ப்ரூபேக்கர் குழு, நலமான பெண்களின் சிறுநீர்ப்பையிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று நிறுவியது. ஆக, ரிப்போர்ட்டில் பாக்டீரியா என்று வந்ததாலேயே மாத்திரை எழுதுவது சரியல்ல. இத்தாலியில், சிறுநீரில் பாக்டீரியா இருந்தும் அறிகுறியில்லாத 673 இளம்பெண்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. சிலருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், சிலரைச் சும்மா விட்டார்கள். ஓராண்டில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே எரிச்சலோடு கூடிய தொற்று அதிகம் வந்தது. கர்ப்பிணிகள் இதற்கு முக்கியமான விலக்கு. அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சோதித்துச் சிகிச்சை தரவேண்டும், இல்லையென்றால் சிறுநீரகத் தொற்றுக்கு வாய்ப்புண்டு.

இப்போது, சுத்தமில்லாதவளுக்குத்தான் வரும் என்ற அந்தப் பழைய பழிக்கு வருவோம். மீண்டும் மீண்டும் தொற்று வந்த 229 இளம்பெண்களையும் வராத 253 பேரையும் ஒப்பிட்டு, சியாட்டிலில் டெலியா ஷோல்ஸ் குழு 2000இல் எழுதியது. தாம்பத்திய உறவு எத்தனை முறை என்பதற்குத் தொடர்பு இருந்தது. விந்தணுக்கொல்லிப் பசை பயன்படுத்துவதற்கு இருந்தது. தாய்க்குத் தொற்று வந்த வரலாறு இருந்தால் மகளுக்கும் வாய்ப்பு கூடியது. கழுவும் முறை, துடைக்கும் திசை, இறுக்கமான உடை ஆகியவற்றுக்கு அந்த ஆய்வில் தொடர்பு காணப்படவில்லை. முன்னிருந்து பின்னாகக் கழுவுவது நல்ல பழக்கம், அதை விடவேண்டியதில்லை. ஆனால் தொற்று வந்த மகளிடம் சுத்தமாக இருக்கத் தெரியாதா என்று கேட்பது அநியாயம். அவள் சுத்தமாகத்தான் இருந்திருப்பாள். கூச்சத்தால் பயந்துபோய் கிருமிநாசினி விட்டுக் கழுவும் பெண்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள். பிறப்புறுப்பில் வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்கு அது உறவு. ஈ.கோலையை வாசலிலேயே நிறுத்துவது அதுதான்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைய, அந்த வாசல்காவல் தளர்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் இதை வயசான கோளாறு என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இஸ்ரேலின் ராஸும் சியாட்டிலின் ஸ்டாமும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வயதுப் பெண்கள் 93 பேரில் ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரியால் களிம்பு கொடுக்கப்பட்டது. களிம்பு பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 தொற்று, மற்றவர்களுக்கு 5.9. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த இந்த எளிய மருத்துவம் நம் ஊர்ப் பாட்டிமார்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? மகளிர் மருத்துவரிடம் போனால், இதை அவரவரே வாய்திறந்து கேட்கலாம்.

மருந்துக்கு மசியாத குலங்கள் நலமானவர் குடலுக்குள் எப்படி வருகின்றன? வீட்டுக்குள்ளேயே கைமாறுகின்றன. மின்னியாபோலிஸில் ஜேம்ஸ் ஜான்சன், தொற்று வந்த ஒரு பெண்ணின் வீட்டாரைச் சோதித்து, அந்த பாக்டீரியா குடும்பத்தினரிடையே பகிரப்பட்டிருப்பதை 2006இல் காட்டினார். உணவு வழியாகவும் வருகின்றன. அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரில் லான்ஸ் ப்ரைஸ் குழு, 2012இல் அங்குள்ள பெரிய கடைகளில் விற்ற கோழி, வான்கோழி, பன்றி இறைச்சியையும், அதே ஆண்டு அதே ஊர் நோயாளிகளின் மாதிரிகளையும் சேர்த்து ஆராய்ந்தது. கோழி, வான்கோழியில் வளர்ந்த ஒரு வகை எஸ்டி 131 நோயாளிகளிடமும் இருந்தது.

பயணத்திலும் வருகின்றன. இங்கே நம் பெயர் அடிபடுகிறது. நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்த் திரும்பிய 2,001 பயணிகளைப் பற்றிய ஆய்வு 2017இல் வந்தது. புறப்படும்போது குடலில் இல்லாத, பல ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும் நொதி கொண்ட பாக்டீரியா, திரும்பும்போது 34 சதவீதம் பேரிடம் இருந்தது. தெற்காசியாவுக்குப் போய் வந்தவர்களில் மட்டும் அது 75 சதவீதம். ஓராண்டு கழித்தும் சிலரின் குடலில் அது தங்கியிருந்தது. சில வாரங்கள் இங்கே தங்கியவர்களுக்கு இப்படியென்றால், இங்கேயே பிறந்து வளர்ந்து இதே தண்ணீரைக் குடிப்பவர்களின் குடலை எண்ணிப் பார்க்கவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆண்டறிக்கைகளின்படியும், மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஈ.கோலைகளில் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசிவதில்லை. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ வல்லுநர்கள் சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு திட்டம் வகுத்ததும் இந்தக் கவலையால்தான்.

காய்ச்சலுக்கும் சளிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரை குடலில் என்ன செய்கிறது? மசிகிற பாக்டீரியாவைக் கொன்று, மசியாததற்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வரும்போது, புறப்பட்டு வருவது அந்த மசியாத வகை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல், வேறு மருந்து இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வகையைக் கொடுக்கவேண்டாம் என்று எச்சரித்தது. தசைநாண், நரம்பு ஆகியவற்றில் அது உண்டாக்கக்கூடிய பாதிப்புகள் அதற்குக் காரணம். நைட்ரோஃபியூரண்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற பழைய மருந்துகள் பல இடங்களில் இன்னும் வேலை செய்கின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லவேண்டும். திரும்பத் திரும்ப வருபவருக்குக் கல்ச்சர் பரிசோதனை அவசியம். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி என்றால் அது சிறுநீரகத்தை எட்டிவிட்டது, அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

குடலில் உள்ள மூலத்தையே தொடமுடியுமா என்ற முயற்சியும் நடக்கிறது. ஹல்ட்கிரென் குழு ஃபிம்எச் கையில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு மேனோஸ் போலியைச் செய்து எலிகளுக்குக் கொடுத்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வில், மற்ற குடல் நுண்ணுயிர்கள் பெரிதும் குலையாமல், தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை மட்டும் குறைந்தது. எலியிலிருந்து மனிதருக்கு வர நெடுந்தூரம் இருக்கிறது. கடையில் விற்கும் டி-மேனோஸ் பொடி அதற்கு ஈடாகாது. பிரிட்டனில் 598 பெண்களிடம் செய்த சோதனையில் அதனால் தொற்று குறையவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். க்ரான்பெர்ரிக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023இன் காக்ரேன் மதிப்பாய்வு, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது ஓரளவு உதவுகிறது என்கிறது. மெத்தனமைன் என்ற பழைய மருந்து, தினசரி ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாக நிற்கமுடியும் என்பதை 240 பெண்களை வைத்து 2022இல் பிரிட்டனிலேயே காட்டினார்கள்.

நீர்க்கடுப்புக்கு நிறையத் தண்ணீர் குடி என்று பாட்டி சொல்வதும் சோதனையில் ஜெயித்தது. பல்கேரியாவில் அடிக்கடி தொற்று வந்த, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பாதியினர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று, மற்றவர்களுக்கு 3.2 முறை.

இதைக் கேட்டு, தண்ணீர்தானே, குடித்தால் போயிற்று என்று தோன்றும். காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கி இரவுவரை நிற்கும் பெண்ணுக்கும், பேருந்து நடத்துநருக்கும், போக்குவரத்துக் காவலருக்கும், சாலையோரம் பூக்கட்டும் அம்மாவுக்கும் தண்ணீர் குடித்தால் போக இடமில்லை. அதனால் அவர்கள் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அடக்கி வைக்கப் பழகுகிறார்கள். பள்ளிச் சிறுமிகள் பலர் காலை வீட்டில் போனால் மாலை வீட்டுக்கு வந்துதான் போகிறார்கள். 2019இல் கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் வந்தது, பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பார்த்துத் தொடங்கின. நல்ல ஏற்பாடு. அந்த மணி அடித்ததும் பாட்டிலைத் திறக்கும் சிறுமி, அடுத்த மணி நேரத்தில் எங்கே போவாள் என்பதும் யாராவது பார்க்கவேண்டிய வேலை. இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குள் போய், தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.